ஊரைக் கட்டிப் பார்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். இரண்டிலும் கைப்பொருள் கரையும், தலை நரைக்கும் என்பது அதன் கருத்து. ஆனால் "ஊரைக் கட்டிப் பார்" என்று அவர்கள் சொல்லவே இல்லை. ஊர் என்பது யாரும் கட்டுவதல்ல, தானாக விளைவது என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். ஒரு ஏரி, அதன் கரையில் ஒரு கோயில், கோயிலைச் சுற்றி நாலு தெரு, அப்பால் வயல். ஆலமரம் முளைத்து விழுது ஊன்றுவது போல ஊரும் ஊன்றிக்கொள்கிறது. ஆலமரத்தை யாராவது கட்டுவார்களா?

அந்தப் பழைய ஊரைப் பற்றிக் கண்ணீர் மல்க எழுதுவதற்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்ல. அந்த நாலு தெருவுக்குள் யார் இருக்கலாம், தெருவுக்கு வெளியே யார் இருக்க வேண்டும் என்பதையும் அதே ஊர்தான் விதித்து வைத்திருந்தது. தானாக விளைந்தது எல்லாம் நன்றாக விளைந்தது என்று சொல்லிவிட முடியாது.

எப்படியானாலும், இந்தக் காலத்தில் ஊர்கள் தாமாக முளைக்கும்வரை யாரும் காத்திருப்பதில்லை. தலைநகரில் ஓர் உத்தரவு பிறக்கிறது. சர்வே செய்கிறவர்கள் வருகிறார்கள். கேழ்வரகு விளைந்த கொல்லையில் கல் நடுகிறார்கள். ஐந்து வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தால் அங்கே ஒரு தொழிற்சாலையும் அதன் வாசலில் ஆயிரக்கணக்கான மோட்டார் சைக்கிள்களும் நிற்கின்றன. அத்தனை பேரும் இரவில் எங்கே போய்ப் படுக்கிறார்கள் என்ற கேள்வி மட்டும் எந்த உத்தரவிலும் இருப்பதில்லை.

எங்கள் ஓசூரை எடுத்துக்கொள்ளுங்கள். கன்னடத்தில் 'ஹொஸ ஊரு' என்றால் புது ஊர். நம் வழக்கில் சொன்னால் புதூர். வெகுகாலம் இது சேலம் ஜில்லாவின் வடகோடியில், மைசூர் சீமையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த சின்ன ஊர். ஏறக்குறைய 3,000 அடி உயரம், இதமான குளிர், குன்றின்மேல் சந்திரசூடேசுவரர், மத்திகிரியில் 1824-ல் தொடங்கிய கால்நடைப் பண்ணை, பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி. சொல்லிக்கொள்ள இவ்வளவுதான் இருந்தது. 1970-களில் 'சிப்காட்' வந்தது. அதன் பின்னால் லாரி செய்யும் அசோக் லேலண்டும், மொபெட் செய்யும் டி.வி.எஸ்.ஸும், கைக்கடிகாரம் செய்யும் டைட்டனும் வந்தன. 1965-ல் தருமபுரி ஜில்லாவுக்குப் போன ஊர், 2004-ல் கிருஷ்ணகிரி ஜில்லாவுக்கு வந்தது. 2019-ல் மாநகராட்சியாகவும் ஆகிவிட்டது. தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று பாஷை புழங்கிய கடைத்தெருவில் இப்போது ஹிந்தியும் ஒடியாவும் வங்காளியும் சேர்ந்து புழங்குகின்றன.

இந்தப் புது ஊரைக் கட்டியது யார்? யாரும் கட்டவில்லை, எல்லாரும் கட்டினார்கள். தொழிற்பேட்டைக்கு வரைபடம் இருந்தது. தொழிலாளிக்குத்தான் வரைபடம் இல்லை.

இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டிருந்த சமயத்தில்தான், ஊர் கட்டுவதையே வாழ்க்கையாகக் கொண்ட ஒரு மனிதரின் கதை எனக்குக் கிடைத்தது. அவர் ஒன்றும் தொலைதூரத்து மனிதர் அல்ல. இங்கிருந்து 40 கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூரில் ஒன்பது வருஷம் உத்தியோகம் பார்த்தவர். மைசூர் சமஸ்தானத்தின் தலைமைக் கட்டடக் கலைஞர். அவருடைய அதிகாரம் அத்திப்பள்ளியோடு நின்றுவிட்டது. எல்லைக்கு இந்தப் பக்கம் சென்னை ராஜதானி. பெயர் ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர். வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் நம் பக்கத்தில் ஊர் கட்ட நினைக்கிறவர்கள் கொஞ்சம் சிரமப்பட்டாவது சொல்லிப் பழகிக்கொள்ள வேண்டிய பெயர்.

அவர் 1908-ல் பெர்லினில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். பௌதிக விஞ்ஞானி மாக்ஸ் போர்ன் அவருக்குத் தாய்மாமன். 1954-ல் நோபல் பரிசு பெற்ற அதே போர்ன்தான். மருமான் கட்டடக் கலை படிக்கப் போனார்.

அவர் மாணவராக இருந்த பெர்லின் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டால்தான் மேற்கொண்டு கதை விளங்கும். தொழிற்சாலைகள் பெருகிப் பெருகி, ஜனங்கள் வந்து குவிந்த நகரம் அது. தொழிலாளர்களுக்கென்று வாடகைக்கு விடும் நாலைந்து மாடிக் கட்டடங்கள் எழுந்தன. முன்கட்டு, அதன் பின்னால் ஒரு முற்றம், அதற்குப் பின்னால் இன்னொரு கட்டு, இன்னொரு முற்றம் என்று உள்ளே போகப் போக இருட்டுத்தான். ஒரே அறையில் ஒரு குடும்பம். பல குடும்பங்களுக்கு ஒரு கழிப்பறை. 'வாடகைப் பட்டாளக் கொட்டடி' என்றே ஜெர்மன் பாஷையில் அவற்றுக்குப் பெயர்.

முதல் மகாயுத்தம் முடிந்தபின் இதை மாற்றியே தீருவது என்று சில கட்டடக் கலைஞர்கள் புறப்பட்டார்கள். 1926-ல் பெர்லின் நகரத்தின் கட்டடத் துறைத் தலைவராக மார்ட்டின் வாக்னர் என்பவர் வந்தார். அவரும் புரூனோ டௌட் என்ற கலைஞரும் சேர்ந்து கட்டிய ஒரு குடியிருப்பு இன்றும் இருக்கிறது. ஒரு குளத்தைச் சுற்றிக் குதிரை லாடம்போல வளைந்து நிற்கும் வீட்டு வரிசை. ஒவ்வொரு வீட்டுக்கும் வெயில், காற்று, எதிரே புல்வெளி. டௌட் கதவுகளுக்கும் சுவர்களுக்கும் பல வர்ணம் தீட்டச் செய்தார். ஏழைக்கு எதற்கு வர்ணம் என்று அவர் கேட்கவில்லை. 2008-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. கோயிலையும் கோட்டையையும் பாதுகாக்கும் பட்டியலில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றும் இடம் பெற்றது என்றால் சாமானியமா?

அந்த டௌட்டிடமும், ஹான்ஸ் போல்ட்சிக் என்ற இன்னொரு பேராசிரியரிடமும் கோனிக்ஸ்பெர்கர் பாடம் கேட்டார். அரசாங்கக் கட்டட இலாகாவில் வேலையும் கிடைத்தது. 1933-ல் ஜெர்மனியில் இளம் கட்டடக் கலைஞர்களுக்குப் பெரிய கௌரவமான ஷிங்கெல் பரிசும் கிடைத்தது. அதே 1933-ல் ஹிட்லர் வந்தான். யூதர்களை அரசாங்க உத்தியோகத்திலிருந்து விலக்கும் சட்டம் ஏப்ரல் மாதத்தில் பிறந்தது. ஒரே வருஷத்தில் பரிசும் வந்தது, வேலையும் போயிற்று. வாக்னர் பதவி இழந்தார். டௌட் ஜப்பானுக்குப் போனார். ஊருக்கு வீடு கட்டிக் கொடுத்தவர்களுக்கு அந்த ஊரில் வீடு இல்லாமல் போயிற்று.

கோனிக்ஸ்பெர்கர் எகிப்துக்குப் போனார். நெஃபர்டீட்டி ராணியின் சிலையைத் தோண்டி எடுத்த லுட்விக் போர்ஷார்ட்டிடம் வேலை செய்தார். அங்கே இருந்துகொண்டு டாக்டர் பட்டத்துக்கு ஓர் ஆராய்ச்சி எழுதினார். எதைப் பற்றித் தெரியுமா? பிரமிடுகளைப் பற்றி அல்ல. பழைய எகிப்தியர்கள் வீட்டுக் கதவை எப்படிச் செய்தார்கள் என்பதைப் பற்றி! தன் வீட்டுக் கதவு அடைபட்டுப் போன ஒருவர் நாலாயிரம் வருஷத்துக் கதவுகளை அளந்து கொண்டிருந்தார் என்பதை ஒரு நாவலில் எழுதினால், ஆசிரியர் கொஞ்சம் அதிகமாகவே கற்பனை செய்கிறார் என்று நீங்களே சொல்வீர்கள்.

1938-ல் போர்ஷார்ட் காலமானார். அடுத்த வருஷம் மைசூரிலிருந்து அழைப்பு வந்தது. இதற்குப் பின்னால் மாமன் இருந்தார். ஸர் ஸி. வி. ராமன் அழைத்து, 1935-36-ல் மாக்ஸ் போர்ன் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சில மாதங்கள் தங்கியிருந்தார். அப்போது திவான் மிர்ஸா இஸ்மாயிலோடு ஏற்பட்ட பழக்கம் மருமானுக்கு வழி திறந்துவிட்டது.

வந்த வேளை நல்ல வேளை என்று சொல்வதற்கில்லை. அதே 1939-ல் யுத்தம் மூண்டது. ஜெர்மனியில் அவர் யூதர், ஆகையால் ஜெர்மானியர் அல்ல. பிரிட்டிஷ் இந்தியாவிலோ ஜெர்மனியில் பிறந்தவர் எவரானாலும் எதிரி நாட்டார் என்று கணக்கெடுத்த காலம். அகதிக்கு இரண்டு பக்கத்திலும் அடி என்பது உலக வழக்கம் போலிருக்கிறது.

மிர்ஸா இஸ்மாயில் அழகை ரசிக்கிறவர். பூங்கா, நீரூற்று, வளைவு, கும்மட்டம் எல்லாம் அவருக்குப் பிடிக்கும். பெர்லினில் படித்துவிட்டு வந்த இளைஞருக்கோ கும்மட்டம் வீண் செலவு. பசவனகுடியில் கிருஷ்ணராவ் பூங்காவில் இருக்கும் மண்டபத்தைப் பார்த்தால் இருவரும் எந்த இடத்தில் சமரசம் செய்துகொண்டார்கள் என்பது தெரிந்துவிடும். கீழே ஜெர்மன் சிக்கனம்; மேலே திவான் சாகேபின் ஆசை. எஜமானருக்கும் கலைஞருக்கும் நடக்கும் இந்த வழக்கு நமக்குப் புதிதல்ல. பத்திரிகை ஆசிரியருக்கும் கதாசிரியருக்கும் நடுவில் வாரந்தோறும் நடப்பதுதான்.

பெங்களூர்க்காரர்கள் 'டாட்டா இன்ஸ்டிடியூட்' என்று சொல்லும் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் விமான இயல் துறைக்கும் உலோகவியல் துறைக்கும் அவர் கட்டடங்கள் அமைத்தார். ஒரு சித்திரை மாதத்துப் பிற்பகலில் அந்தப் பக்கம் போனேன். ஜன்னல்களுக்கு மேலே சன்ஷேட் தாராளமாக நீண்டு நிற்கிறது. கண்ணைப் பறிக்கும் அலங்காரம் எதுவும் இல்லை. வெளியே வெயில் கொளுத்துகிறது. உள்ளே காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறுகிறது. நம் வீட்டுத் தாழ்வாரத்துக்கும் திண்ணைக்கும் இருந்த புத்தி கான்கிரீட்டுக்கும் வந்திருக்கிறதே என்று தோன்றிற்று. வெயிலை எதிர்த்துச் சண்டை போடாமல் அதை வாசலிலேயே நிறுத்தி வைப்பது நம் பாட்டன்மார் செய்த வேலை. வந்தவர் அதைக் கண்டுகொண்டார், அளந்து பார்த்தார், கணக்காக்கினார். பிற்காலத்தில் அவர் மூன்று நண்பர்களோடு சேர்ந்து எழுதிய வெப்ப மண்டலக் கட்டடக் கலைப் புத்தகம் நம் நாட்டுக் கல்லூரிகளிலும் பாடப் புத்தகம் ஆயிற்று. எந்தக் கூரை எவ்வளவு நேரத்தில் சூட்டை உள்ளே இறக்கும், எந்தத் திசைச் சுவரில் எப்போது வெயில் படும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

கட்டடத்திலிருந்து அவர் ஊருக்குப் போனார். யுத்தம் முடியும் தறுவாயில் டாட்டா கம்பெனியார் ஜாம்ஷெட்பூருக்கு ஒரு வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும்படி அவரைக் கேட்டுக்கொண்டார்கள். இரும்பு ஆலையைச் சுற்றி வளர்ந்த அந்த ஊருக்கு அதற்கு முன்னாலேயே பலர் திட்டம் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு திட்டத்தையும் ஊர் முந்திக்கொண்டு வளர்ந்துவிட்டது. கோனிக்ஸ்பெர்கர் ஊரைச் சிறு சிறு பேட்டைகளாகப் பிரித்துப் பார்த்தார். குழந்தை பெரிய சாலையைத் தாண்டாமல் பள்ளிக்கூடம் போக வேண்டும். அம்மா நடந்து போய்க் காய்கறி வாங்கி வர வேண்டும். பேட்டைக்கும் பேட்டைக்கும் நடுவில் பசுமை இருக்க வேண்டும். ஊரை மோட்டாரிலிருந்து பார்க்காமல் குழந்தையின் காலடியிலிருந்து அளந்தார் என்று சொல்லலாம்.

1948-ல் ஒரிஸ்ஸாவின் புதிய தலைநகரம் புவனேசுவரம். ஏப்ரல் 13-ம் தேதி நேரு அடிக்கல் நாட்டினார். அதற்கும் வரைபடம் இவருடையதுதான். பழைய கோயில் ஊருக்குப் பக்கத்தில், ஒரு பெரிய சாலையின் ஓரமாகப் பேட்டைகள். நடக்கிறவனுக்கு ஒன்று, சைக்கிளில் போகிறவனுக்கு ஒன்று என்று ஏழு விதமான பாதைகள். இன்றும் அந்த ஊரில் 'யூனிட்-1', 'யூனிட்-4' என்றுதான் இடங்களைச் சொல்கிறார்கள். வரைபடத்தில் அவர் வைத்த பேட்டைப் பெயர் ஜனங்களின் வாயில் நிலைத்துவிட்டது. சில பத்தாயிரம் பேருக்கென்று தொடங்கிய ஊரில் 2011 ஜனக்கணக்கின்படி எட்டு லட்சத்துக்கு மேல்.

அந்த வருஷமே அவர் டில்லிக்குப் போனார். மத்திய சுகாதார அமைச்சில் வீட்டு வசதி டைரக்டர். தேசப் பிரிவினையில் 70 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வீடிழந்து எல்லையைத் தாண்டி வந்திருந்தார்கள். நாடிழந்த ஒரு மனிதரிடம் வீடிழந்தவர்களின் பொறுப்பை ஒப்படைத்தது சரித்திரம். பரீதாபாத், ராஜ்புரா, நீலோகேரி, காந்திதாம் என்று அகதிகளுக்குப் புது ஊர்கள் எழுந்த காலம் அது.

டில்லியில்தான் அவருக்குப் பெரிய தோல்வியும் காத்திருந்தது. செங்கல்லை அடுக்கி அடுக்கி லட்சக்கணக்கான வீடுகளை எப்போது கட்டி முடிப்பது? தொழிற்சாலையில் மோட்டார் வண்டி செய்வது போல வீட்டையும் செய்துவிட்டால் என்ன? சுவரைக் கான்கிரீட் பலகைகளாக வார்த்து, லாரியில் ஏற்றிக்கொண்டு போய், நிறுத்தி இணைத்துவிட வேண்டியதுதான். டில்லியில் ஜங்புராவில் அரசாங்க வீட்டுத் தொழிற்சாலை தொடங்கிற்று. ஆனால் பலகைகள் எதிர்பார்த்த உறுதியோடு வரவில்லை, விரிசல் கண்டன. செலவு ஏறிற்று. பாராளுமன்றத்தில் கேள்விகள் கிளம்பின. பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. 1951-ல் அவர் விலகி லண்டனுக்குப் போய்விட்டார். இரண்டாவது தடவையாக ஒரு நாட்டை விட்டார்.

இதோடு அவர் ஓய்ந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். தோல்வியிலிருந்து அவர் எங்கே போய்ச் சேர்ந்தார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

1954-ல் ஐக்கிய நாடுகள் சபை, இப்போது கானா என்று வழங்கும் கோல்டு கோஸ்ட் நாட்டுக்கு மூன்று நிபுணர்களை அனுப்பிற்று. அதில் இவர் ஒருவர். அங்கே போய் அவர்கள் கண்டது ஒரு சாதாரண விஷயம். ஜனங்கள் மண்ணைக் குழைத்துத் தாங்களே சுவர் எழுப்பிவிடுகிறார்கள். கூரைக்குத்தான் காசு வேண்டும். காசு சேரும்வரை சுவர் மழையில் கரைந்து நிற்கிறது. 'கூரைக்குக் கடன் கொடுங்கள். மற்றதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்' என்று யோசனை சொன்னார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் முழு வீட்டையும் தொழிற்சாலையில் வார்த்துக் கொடுக்கப் புறப்பட்ட மனிதர், 'வீட்டை அவர்கள் கட்டட்டும். அவர்களால் முடியாத ஒரு துண்டை மட்டும் நாம் கொடுப்போம்' என்ற இடத்துக்கு வந்துவிட்டார். எவ்வளவு தூரம்!

1963-ல் சிங்கப்பூருக்குப் போன நிபுணர் குழுவிலும் இவர் இருந்தார். அங்கும் அதே பேச்சுத்தான். இருபது வருஷத்துக்கு ஒரு பெரிய வரைபடத்தை எழுதிச் சட்டமாக்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டாதீர்கள். ஊர் அதற்குள் வேறு ஊராகிவிடும். இன்று எது அவசரமோ அதைச் செய்யுங்கள், விளைவைப் பாருங்கள், திருத்துங்கள், மறுபடி செய்யுங்கள். நம் கிராமத்து வைத்தியர் ஒரே நாளில் ஒரு வருஷத்துக்கு மருந்து கொடுத்து அனுப்புவதில்லை. மூன்று நாளைக்குச் சூரணம் கொடுக்கிறார். பிறகு நாடியைப் பிடித்துப் பார்க்கிறார். கிட்டத்தட்ட அதே சங்கதி.

லண்டனில் வெப்ப மண்டலக் கட்டடக் கலைக்கென்று ஏற்பட்ட பிரிவுக்கு 1957-லிருந்து தலைவராக இருந்து, ஆசிய ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்த மாணவர்களுக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தார். 1971-ல் அது லண்டன் யூனிவர்ஸிடி காலேஜுக்குள் வந்தது. 1999 ஜனவரியில், தொண்ணூறு வயதில் காலமானார்.

இந்த வாழ்க்கையின் சாரம் என்ன என்று ஒரு பேராசிரியரைக் கேட்டால் நல்ல சொற்பொழிவு கிடைக்கும். எனக்கு அது ஓசூரில் ஒரு கொத்தனாரிடம் கிடைத்தது.

எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குத் தளம் போட்டு முடித்திருந்தார்கள். தளத்துக்கு மேலே தூண் இருக்கும் இடங்களில் எல்லாம் இரும்புக் கம்பிகள் முழ உயரம் நீட்டிக்கொண்டு நின்றன. நம் நாட்டில் எந்த ஊரில் எந்த மொட்டை மாடியிலும் பார்க்கலாம். வேலை பார்த்துக்கொண்டிருந்த வயதான மேஸ்திரியிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"இது எதற்கு மேஸ்திரி, இப்படி நீட்டிக்கொண்டு? மழையில் துருப் பிடிக்காதா?"

"பிடிக்கும் சார். சிமெண்டுப் பால் அடிச்சு விட்டாத் தாங்கும். மேலே மாடி போடறப்போ கம்பி வேணுமில்லே?"

"மாடி எப்போது போடுவார்கள்?"

"அது யாருக்குத் தெரியும் சார்? பையன் தலையெடுக்கணும். பொண்ணு கல்யாணம் முடியணும். பத்து வருசமும் ஆகும், போடாமலும் போகலாம். ஆனாக் கம்பி விடாம மூடிட்டா வீட்டுக்காரருக்கு மனசு ஒப்பாது. அதோட கதை முடிஞ்சாப்பல ஆயிடும்."

கட்டடக் கலை கற்ற நண்பர்கள் இந்தக் கம்பிகளைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். ஊரின் அழகு கெடுகிறதாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு குடும்பம் நாளைய தினத்தின்மேல் வைத்திருக்கும் நம்பிக்கை அது. வீடு முடிந்துவிட்டது என்று வீட்டுக்காரன் ஒப்புக்கொள்வதில்லை. கோனிக்ஸ்பெர்கர் பெர்லினிலும் பெங்களூரிலும் டில்லியிலும் அலைந்து, அடிபட்டு, கானாவில் கண்டுகொண்டதை எங்கள் மேஸ்திரி சாந்துச் சட்டியைக் கீழே வைக்காமலே சொல்லிவிட்டார். ஊரை முடித்துக் கொடுக்க யாராலும் முடியாது. அதில் இருக்கப் போகிறவனுக்குக் கம்பி விட்டு வைக்கலாம், அவ்வளவுதான்.

இங்கேதான் எனக்கு ஒரு சங்கடம் வருகிறது. கம்பி சொந்தக்காரனுக்குத்தானே? வாடகைக்காரனுக்கு ஏது கம்பி?

சிப்காட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்து பாருங்கள். லைன் வீடுகள். ஒரு சந்து, சந்தின் இரண்டு பக்கமும் வரிசையாக ஒற்றை அறைகள், கோடியில் எல்லாருக்கும் பொதுவாகக் குளியலறையும் கழிப்பறையும். மேலே கல்நார் ஷீட். பெர்லினில் நான் சொன்னேனே, முற்றத்துக்குப் பின்னால் முற்றமாக இருட்டுக்குள் போகும் வீடுகள், அவற்றைப் படுக்க வைத்துப் பாருங்கள். லைன் வீடு கிடைத்துவிடும். ஓசூருக்கென்ன, குளிர்ந்த ஊர்தானே என்பீர்கள். குளிர் ராத்திரிக்கு. ராத்திரி ஷிப்ட் பார்க்கிறவன் பகலில் அல்லவா தூங்க வேண்டும்? ஓட்டுக் கூரையோ மண் கூரையோ சூட்டைச் சற்று நேரம் தாங்கி வைத்துக்கொள்ளும். ஷீட் அப்படித் தாங்காது. மேலே பட்ட வெயிலை உடனே கீழே இறக்கிவிடும். பங்குனி, சித்திரையில் பகல் பன்னிரண்டு மணிக்கு அதன் அடியில் படுத்துத் தூங்க முயல்கிறவனுடைய கண்களை மறுநாள் நீங்கள் மிஷின் பக்கத்தில் பார்க்கலாம்.

அப்படி ஓர் அறையில் இருக்கும் ஒரு பையனை எனக்குத் தெரியும். வயது இருபத்திரண்டு இருக்கும். சொந்த ஊர் புவனேசுவரத்துக்குப் பக்கம். இரண்டு வருஷத்தில் தமிழ் ஓரளவு கற்றுக்கொண்டுவிட்டான். எங்கள் தெருக் கடையில் டீ குடிக்க வரும்போது பேசுவான். ஒருநாள் அவனிடம், "உங்கள் ஊருக்கு வரைபடம் போட்டவர் இங்கே பெங்களூரில் இருந்தவர் தெரியுமா?" என்று கேட்டேன். சிரித்தான். "அப்பா யூனிட்-1 சந்தையில காய் விக்கறாரு அண்ணா. நாங்க இருக்கறது யூனிட்ல இல்லே. வெளியே, ரயில் பாதை ஓரம்" என்றான்.

பேட்டை பேட்டையாகப் பிரித்த அந்த நல்ல வரைபடத்தில் காய்கறிச் சந்தைக்கு இடம் இருந்தது. காய்கறி விற்கிறவனுக்கு இடம் போதவில்லை. அவன் மகன் அங்கிருந்து புறப்பட்டு, வரைபடமே இல்லாத இங்கே வந்து, ஷீட்டுக்கு அடியில் படுத்திருக்கிறான். அம்மாவை அழைத்து வந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவனுக்கு ஆசை. அறைக்கு இரண்டு தலைக்குமேல் கூடாது என்கிறார் வீட்டுக்காரர். அவரையும் குறை சொல்ல முடியாது. போர்த் தண்ணீர் அவ்வளவுதான் ஏறுகிறது.

இப்போது எங்கள் ஜில்லா முழுவதுமே தொழிற்சாலைகள் பரவிவிட்டன. சூளகிரி, பர்கூர், போச்சம்பள்ளி என்று மாந்தோப்புக்கும் கருங்கல் குவாரிக்கும் பேர்போன இடங்களில் எல்லாம் மின்சார ஸ்கூட்டரும் காலணியும் கைபேசி உறுப்புகளும் தயாராகின்றன. கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சம்பளம் வாங்குகிறார்கள். வீட்டில் அவர்கள் பேச்சுக்கு மதிப்பு வந்திருக்கிறது. இது சின்ன விஷயம் அல்ல. அவர்களுக்கு விடுதிகள் அடுக்கடுக்காக எழுகின்றன; கம்பெனி பஸ் வாசலில் வந்து நிற்கிறது. எல்லாம் நல்லதுதான். ஆனால் தங்குவது வேறு, குடியிருப்பது வேறு. விடுதியில் தங்கலாம். கல்யாணம் ஆனால்? குழந்தை பிறந்தால்? வேலை போனால்? அந்தக் கேள்விகள் வரும் நாளில் அந்தப் பெண் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிராமத்துக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. உழைப்பை வாங்கிக்கொண்ட ஊர் அவளை ஊராளாக ஏற்றுக்கொள்ளவில்லை.

கோனிக்ஸ்பெர்கர் இன்று வந்து ஓசூரைப் பார்த்தால் பெரிய வரைபடம் எதுவும் போட்டுக் கொடுக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். அந்த ஆசையெல்லாம் அவருக்கு டில்லியோடு தீர்ந்துவிட்டது. கானாவில் கேட்டது போலத்தான் கேட்பார்: இவர்களால் தாங்களே செய்துகொள்ள முடியாதது எது? லைன் வீடுகளின் ஷீட்டை மாற்றிச் சூடு இறங்காத கூரை போடுகிற வீட்டுக்காரருக்குக் குறைந்த வட்டியில் கடன் கொடுக்கலாம். தொழிற்பேட்டையிலிருந்து குடியிருப்புக்கு நடந்து போகும் பாதையில் மரம் வைக்கலாம். பையனின் தாயும் வந்து இருக்கும்படியாக, நியாயமான வாடகைக்கு, இரண்டு அறையும் சொந்தக் குழாயும் உள்ள வீடுகளை மாநகராட்சியும் கம்பெனிகளும் சேர்ந்து கட்டலாம். குழந்தை பெரிய சாலையைத் தாண்டாமல் போகும்படி ஒரு பள்ளிக்கூடம் வைக்கலாம். இதில் எதுவும் ஆகாத காரியம் அல்ல. ஒன்றைச் செய்து பார்த்து, தப்பாக இருந்தால் திருத்திக்கொண்டு, அடுத்ததைச் செய்யலாம்.

பெரிய திட்டம் ஒன்று தயாராகிக்கொண்டிருக்கிறது, அது வரட்டும் என்று சிலர் சொல்கிறார்கள். வரட்டும், நல்லதுதான். ஆனால் ஊரை முழுக்கக் கட்டி முடித்துவிட்டுத்தான் ஆட்களைக் குடியேற்றுவது என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. ஆட்கள் எப்போதோ வந்துவிட்டார்கள்.